பேழையா, சத்திரமா? அறியப்படாத விலங்குகளும் சிறிய உயிரியல் பூங்காக்களும்

அழிவின் விளிம்பில் நிற்கும் ஓர் உயிரினத்தை அதன் காட்டிலிருந்து எடுத்துவந்து, அடைப்புக்குள் வைத்து, இனம்பெருக்கிக் காப்பாற்ற முடியுமா? நூறாண்டுகளுக்கும் மேலாகக் கேட்கப்பட்டுவரும் கேள்வி இது. புலி, யானை, காண்டாமிருகம் என்றால் அதற்கான விவாதம் ஒரு திசையில் போகும். அவற்றுக்குச் சட்டம் உண்டு, சரணாலயம் உண்டு, பணம் தரும் புரவலர்களும் உண்டு. விரல் நகம் அளவே உள்ள நத்தை, முழங்கால் உயரம்கூட இல்லாத காட்டுப்பன்றி, ஒரே ஒரு பள்ளத்தாக்கில் மட்டும் வாழும் தேரை ஆகியவற்றைப் பற்றிக் கேட்டால் விவாதம் வேறு வடிவம் எடுக்கிறது. இவற்றுக்காகக் குரல் கொடுப்பவர்கள் குறைவு. பெரிய பூங்காக்களில் இவற்றுக்கு இடம் கிடைப்பதும் அரிது.

இந்த வெற்றிடத்தை நிரப்பும் நோக்கில்தான், மக்கள் அதிகம் அறியாத விலங்குகளுக்கென்றே சில சிறிய உயிரியல் பூங்காக்கள் தோன்றின. ஆங்கிலக் கால்வாயில் உள்ள ஜெர்சி தீவின் பூங்கா அவற்றுள் மிகவும் அறியப்பட்டது. இத்தகைய இடங்களால் உண்மையில் என்ன செய்ய முடியும் என்பது குறித்து முன்வைக்கப்பட்ட முக்கிய நிலைப்பாடுகளையும், அவற்றின் தோற்றத்தையும், குறைகளையும் இக்கட்டுரை தொகுத்துப் பார்க்கிறது.

கேள்வியின் வரலாறு

உயிரியல் பூங்காக்கள் இனங்களைக் காக்கும் இடங்களாகத் தொடங்கவில்லை. 1828இல் திறக்கப்பட்ட லண்டன் பூங்கா அறிவியல் ஆய்வுக்கானது. 1855இல் எட்வர்ட் பால்ஃபோரின் முயற்சியால் சென்னை அருங்காட்சியக வளாகத்தில் உருவான விலங்குக்காட்சி பொதுமக்களின் ஆர்வத்தை ஈர்ப்பதற்கானது. ஓர் இனத்தின் கடைசி உயிர் பூங்காவிலேயே இறந்துபோன நிகழ்வுகளும் உண்டு. அமெரிக்க வானத்தை நூற்றுக்கணக்கான கோடி எண்ணிக்கையில் நிறைத்திருந்த பயணிப்புறா இனத்தின் கடைசிப் பறவை, 1914 செப்டம்பர் 1 அன்று சின்சினாட்டி பூங்காவில் இறந்தது. தாஸ்மேனியாவின் தைலசின் என்ற வரியுடல் வேட்டை விலங்கின் கடைசி உயிர் 1936 செப்டம்பரில் ஹோபார்ட் நகரப் பூங்காவில் முடிந்தது.

நம்பிக்கை தரும் எடுத்துக்காட்டுகளும் அதே காலத்தில் கிடைத்தன. 1907இல் நியூயார்க்கின் பிராங்க்ஸ் பூங்கா தன்னிடம் வளர்ந்த 15 அமெரிக்கக் காட்டெருமைகளை ரயிலேற்றி ஓக்லஹோமா புல்வெளிக்கு அனுப்பியது. 1946இல் பீட்டர் ஸ்காட் இங்கிலாந்தின் ஸ்லிம்பிரிட்ஜில் நிறுவிய நீர்ப்பறவைக் காப்பகம், ஏறக்குறைய 30 என்ற அளவுக்குச் சுருங்கிவிட்ட ஹவாய் வாத்துகளைப் பெருக்கி, பிற்பாடு அவற்றின் தாயகத் தீவுகளுக்கே திருப்பியனுப்பியது.

இந்த இரண்டாம் மரபில் வந்தவர் ஜெரால்ட் டரல். 1925இல் ஜாம்ஷெட்பூரில் பிறந்த இவர், விலங்குகளைப் பிடித்துப் பூங்காக்களுக்கு விற்கும் தொழிலில் இருந்தவர். வெறும் காட்சிக்காக விலங்குகளை அடுக்கிவைக்கும் முறையில் மனம் கசந்து, 1959இல் ஜெர்சி தீவின் ஒரு பழைய பண்ணை மாளிகையில் சொந்தப் பூங்காவைத் திறந்தார். 1963இல் அது அறக்கட்டளையாயிற்று. அழிந்துபோன டோடோ பறவையையே தன் சின்னமாக வைத்துக்கொண்டது. மற்ற பூங்காக்கள் கண்டுகொள்ளாத சிறிய உயிரினங்களைத் தேர்ந்தெடுப்பது, கூட்டம் கூட்டமாக வளர்ப்பது, காட்டில் இடம் சீரானதும் திருப்பியனுப்புவது என்ற மூன்றும் அதன் கொள்கைகள். இன்று பல பூங்காக்கள் பேசும் மொழி அது. அன்று பூங்கா உலகில் அதற்கு வரவேற்பு குறைவு.

முதல் நிலைப்பாடு: பூங்கா ஒரு பேழை

பெருவெள்ளம் வடியும்வரை உயிரினங்களை ஏற்றிவைத்துக் காக்கும் நோவாவின் பேழையாகப் பூங்காவைக் காண்பது முதல் நிலைப்பாடு. 1970களிலும் 80களிலும் இது வலுப்பெற்றது. காட்டழிப்பு வேகமெடுத்திருந்தது. மரபியல் அறிவும் கணினியும் கைகொடுத்ததால் எந்த ஆணையும் எந்தப் பெண்ணையும் இணைத்தால் உறவுக்கலப்பு குறையும் என்று திட்டமிட முடிந்தது. அமெரிக்கப் பூங்காக்கள் 1981இலும் ஐரோப்பியப் பூங்காக்கள் 1985இலும் ஒருங்கிணைந்த இனப்பெருக்கத் திட்டங்களைத் தொடங்கின.

இந்த நிலைப்பாட்டின் மிகத் தெளிவான வடிவம் 1986இல் மைக்கேல் சூலேயும் அவருடைய சகாக்களும் எழுதிய கட்டுரையில் உள்ளது. மனித நெருக்கடி தணிய இருநூறு ஆண்டுகள் ஆகலாம். அதுவரை ஏறக்குறைய 2,000 பெரிய நிலவாழ் முதுகெலும்பிகளுக்கு அடைக்கலம் தேவைப்படலாம். ஒவ்வோர் இனத்திலும் 90 விழுக்காடு மரபுவளத்தைக் காக்க வேண்டும் என்று அவர்கள் இலக்கு வைத்தார்கள்.

பேழையில் இடம் எவ்வளவு? பிராங்க்ஸ் பூங்காவின் வில்லியம் கான்வே, உலகப் பூங்காக்களில் விலங்குகளுக்கென்று உள்ள மொத்த இடமும் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதிக்குள் அடங்கிவிடும் என்று சுட்டிக்காட்டினார். ஒரே புலி இனத்தைக் காக்கவே பல நூறு புலிகளுக்கு இடம் வேண்டும். இருக்கும் இடத்தில் பெரும்பகுதியைக் கூட்டம் சேர்க்கும் விலங்குகளே எடுத்துக்கொண்டிருந்தன. 2011இல் வெளியான உலகளாவிய கணக்கெடுப்பு ஒன்று, அழிநிலையில் உள்ள நிலவாழ் முதுகெலும்பி இனங்களில் ஏறக்குறைய ஏழில் ஒன்று மட்டுமே பூங்காக்களில் இருப்பதாகக் காட்டியது. மிக வேகமாக மறைந்துவரும் தவளை, தேரை வகைகளில் பூங்காக்களின் பங்கு மிகவும் குறைவு. சுருக்கமாகச் சொன்னால், பேழையில் ஏறியவர்கள் ஆபத்தில் இருந்தவர்கள் என்பதைவிட அழைக்கப்பட்டவர்கள் என்பதே பொருத்தம்.

இரண்டாம் நிலைப்பாடு: அடைப்பு தீர்வாகாது

மறுப்பு இரு முனைகளிலிருந்து வந்தது. ஒன்று அறவியல் சார்ந்தது. 1985இல் மெய்யியலாளர் டேல் ஜேமிசன், சுதந்திரமாக வாழும் உரிமையை ஒரு விலங்கிடமிருந்து பறிப்பதற்கு, அந்த இனத்தின் நலம் என்ற காரணம் போதுமா என்று கேட்டார். துன்பத்தை அனுபவிப்பது தனி உயிர்; நன்மை பெறுவது இனம் என்ற கருத்து. இந்த இரண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா என்பது அவருடைய ஐயம். பூங்காவை ஆதரிப்பவர்கள் இன்றுவரை இதற்கு முழுமையான பதில் சொன்னதாகத் தெரியவில்லை. நல்ல பராமரிப்பு துன்பத்தைக் குறைக்கும் என்பது பகுதிப் பதில் மட்டுமே.

இன்னொன்று உயிரியல் சார்ந்தது. 1994இல் பெஞ்சமின் பெக்கும் சகாக்களும், அடைப்பில் பிறந்த விலங்குகளைக் காட்டில் விடுவித்த 145 திட்டங்களைத் தொகுத்துப் பார்த்தார்கள். காட்டில் தானே நிலைக்கும் கூட்டத்தை உருவாக்கியவை 16 மட்டுமே. 1996இல் நோயல் ஸ்னைடரும் சகாக்களும் இம்முறையின் குறைபாடுகளை ஏழாகப் பகுத்தார்கள். அடைப்பில் பெருகாமல் போவது, விடுவித்தபின் பிழைக்காமல் போவது, அதிகச் செலவு, தலைமுறைதோறும் விலங்கு வளர்ப்புத்தன்மை பெறுவது, நோய், நிர்வாகத் தொடர்ச்சி இல்லாமை ஆகியவற்றோடு, மலிவான பிற வழிகளை ஓரங்கட்டிவிடுவதையும் ஒரு குறையாகச் சேர்த்தார்கள். இந்தக் கடைசிக் குறை கவனத்துக்குரியது. கூண்டுக்குள் குஞ்சுகள் பொரிப்பது செய்தியாகிறது. வாழிடம் அழிவதைத் தடுக்கும் வேலை பின்னுக்குப் போகிறது.

இந்த மறுப்புக்கும் எல்லை உண்டு. வெற்றி என்பதற்குக் காட்டில் 500 உயிர்கள் கொண்ட, உதவியின்றி நிற்கும் கூட்டம் என்று பெக் வைத்த அளவுகோல் கடுமையானது. பல திட்டங்கள் அப்போது தொடக்கநிலையில்தான் இருந்தன. 2010இல் வெளிவந்த முதுகெலும்பிகள் பற்றிய உலக மதிப்பீட்டில், நிலைமை மேம்பட்ட 68 இனங்களில் ஏறக்குறைய கால்பங்குக்கு அடைப்பில் இனம்பெருக்குதல் துணையாக இருந்தது தெரியவந்தது. ஆகவே இம்முறையை முற்றிலும் ஒதுக்குவதற்கும் சான்று போதாது.

மூன்றாம் நிலைப்பாடு: சிறிய உடல், சிறிய இடம்

இடப் பற்றாக்குறை என்ற வாதத்தையே தலைகீழாகப் பார்த்தவர்கள் இருந்தார்கள். 1996இல் ஆண்ட்ரூ பாம்ஃபோர்டு, ஜார்ஜினா மேஸ், நைஜல் லீடர்-வில்லியம்ஸ் ஆகியோர், அடைப்புக்குப் பொருத்தமானவை பெரிய பாலூட்டிகள் அல்ல என்றார்கள். விரைவில் பெருகும், குறைந்த செலவில் வளரும் சிறிய உயிரினங்களே பொருத்தமானவை. அவற்றில் ஒரு சிறு அறைக்குள் நூற்றுக்கணக்கானவற்றை வைக்கலாம் என்பது அவர்களின் கருத்து. டரல் உள்ளுணர்வால் எடுத்த முடிவுக்கு இது பொருளியல் அடிப்படை தந்தது. மிக எளிய வசதிகள் உள்ள சிறு பூங்காவும்கூட ஓர் இனத்தின் விதியை மாற்றக்கூடும் என்று இது சொன்னது.

பார்ட்டுலா நத்தையின் கதை இந்த நிலைப்பாட்டின் வலிமையையும் பலவீனத்தையும் ஒருசேரக் காட்டுகிறது. பிரெஞ்சு பாலினேசியாவின் தீவுகளில் வாழ்ந்தது இந்தச் சிறு மரநத்தை. ஒன்றிரண்டு சென்டிமீட்டர் நீளம். முட்டையிடாமல் குட்டி ஈனும். பயிர்களை அழித்த ஆப்பிரிக்கப் பெருநத்தையைக் கட்டுப்படுத்த, 1970களில் நத்தையைத் தின்னும் ஓநாய் நத்தையை அத்தீவுகளில் விட்டார்கள். அது பெருநத்தையை விட்டுவிட்டு உள்ளூர் நத்தைகளையே வேட்டையாடியது. மூரியா தீவில் பத்தாண்டுக்குள் பார்ட்டுலா இனங்கள் காட்டிலிருந்து மறைந்தன. ஆய்வாளர்கள் காப்பாற்றிக் கொண்டுவந்த சில உயிர்கள் லண்டன், ஜெர்சி முதலிய பூங்காக்களில், ஈரக் காகிதம் விரித்த சிறு தொட்டிகளில் அடைக்கலம் பெற்றன. அரைத்த ஓட்ஸும் சுண்ணாம்புச் சத்தும் அவற்றுக்கு உணவு. ஒரு மேசையளவு இடத்தில் முழு இனமும் அடங்கியது.

அந்த வசதியே ஆபத்தாகவும் இருந்தது. பார்ட்டுலா டர்கிடா என்ற இனத்தின் எஞ்சிய கூட்டம் ஒட்டுண்ணித் தொற்றுக்கு ஆளாகி, கடைசி நத்தை 1996 ஜனவரியில் லண்டன் பூங்காவில் இறந்தது. ஓர் இனம் முழுதும் ஒரே தொட்டிக்குள் முடிந்துபோயிற்று. மற்ற இனங்கள் தப்பின. 2015 முதல் தாஹிட்டி, மூரியா தீவுகளின் காடுகளில் அவை விடப்பட்டுவருகின்றன. சில இடங்களில் காட்டிலேயே பிறந்து வளர்ந்த நத்தைகளும் இப்போது காணப்படுகின்றன.

டான்சானியாவின் கிஹான்சி தேரை இன்னொரு பாடம். அருவித் தூவானம் நனைக்கும் ஒரே பள்ளத்தாக்கில் வாழ்ந்த, மூன்று சென்டிமீட்டரைக்கூடத் தொடாத தேரை அது. 2000இல் மேலே கட்டிய நீர்மின் அணை ஆற்றின் பெரும்பகுதியைத் திருப்பிவிட்டது. தூவானம் நின்றது. அதே ஆண்டு 499 தேரைகள் அமெரிக்கப் பூங்காக்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. முதல் ஆண்டுகளில் பெரும்பாலானவை இறந்தன. எஞ்சியவை மெல்லப் பெருகின. பள்ளத்தாக்கில் செயற்கைத் தூவான அமைப்பு பொருத்தப்பட்டு, 2012 முதல் அவை திருப்பி விடப்பட்டன. காட்டில் தானே நிலைபெற்றுவிட்டதென்று இன்னும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. தேரையைக் காப்பது ஒருவழியாக முடிந்தது. நிரந்தரமாகத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டிய ஒரு பள்ளத்தாக்கைக் காப்பது எளிதாக இல்லை.

நோய் என்ற கண்ணுக்குத் தெரியாத பயணி

ஜெர்சியின் சொந்த வரலாற்றிலேயே மிகக் கடுமையான எச்சரிக்கை உள்ளது. ஸ்பெயினின் மல்லோர்க்கா தீவில் வாழும் மருத்துவச்சித் தேரை, 1970களின் இறுதியில் முதலில் புதைபடிவமாகவே அறியப்பட்டது. பிறகு சுண்ணாம்புக்கல் மலைப்பள்ளங்களில் உயிருடன் கண்டெடுக்கப்பட்டது. இந்தத் தேரையில், பெண் இடும் முட்டைச்சரத்தைப் பின்னங்கால்களில் சுற்றிக்கொண்டு சுமப்பது ஆண்தான். பொரிக்கும் காலம் நெருங்கியதும் அது குட்டையில் இறங்கித் தலைப்பிரட்டைகளை விடுகிறது. 1980களின் நடுவில் ஜெர்சியில் அவை வெற்றிகரமாகப் பெருகின. 1980களின் இறுதியிலிருந்து மல்லோர்க்காவின் பள்ளங்களில் விடப்பட்டன. தீவில் இத்தேரையின் நிலை மேம்பட்டது. எல்லா வகையிலும் முன்மாதிரித் திட்டம் என்றே அது கருதப்பட்டது.

2008இல் வெளியான ஆய்வு வேறொன்றைக் காட்டியது. உலகெங்கும் தவளைகளை அழித்துவரும் கைட்ரிட் பூஞ்சை மல்லோர்க்காவிலும் இருந்தது. அதன் மரபுக்கூறுகளைத் தேடிப்போனபோது, ஜெர்சியில் அதே கட்டடத்தில் வைக்கப்பட்டிருந்த தென்னாப்பிரிக்க நகத்தவளைகளிடமிருந்து தொற்று பரவியிருக்க வேண்டும் என்று தெரிந்தது. காக்கப் போனவர்களே நோயைச் சுமந்து சென்றிருந்தார்கள். விடுவிப்பு நடந்த காலத்தில் இப்பூஞ்சையை அறிவியல் அறிந்திருக்கவில்லை என்பதால் இதை அலட்சியம் என்று சொல்வதற்கில்லை. பிறகு ஆய்வாளர்கள் சில குட்டைகளை வற்றவைத்து, தலைப்பிரட்டைகளை அள்ளிப் பூஞ்சைக்கொல்லி மருந்தில் குளிப்பாட்டி, பாறைகளைக் கிருமிநீக்கம் செய்து, தொற்றை ஒழித்தார்கள். இயற்கை வாழிடத்தில் கைட்ரிட் ஒழிக்கப்பட்ட முதல் நிகழ்வாக 2015இல் அது பதிவாயிற்று.

இதிலிருந்து பெறும் பாடம் சிறிய பூங்காக்களுக்கே கூடுதலாகப் பொருந்துகிறது. இடம் குறைவாக இருப்பதால் பல கண்டங்களின் விலங்குகளை அருகருகே வைக்கத் தூண்டுதல் அதிகம். தனிக் கட்டடம், தனிப் பணியாளர், தனிக் காலணி, தனி வடிகால் என்று பிரிப்பது செலவு பிடிக்கும் வேலை. அந்தச் செலவைச் செய்ய முடியாத இடம் விடுவிப்புத் திட்டத்தில் இறங்காமல் இருப்பதே நல்லது என்று இப்போது பலர் கருதுகிறார்கள்.

நான்காம் நிலைப்பாடு: சத்திரமாக நடந்துகொள்ளும் பூங்கா

பேழை நீண்டகாலத் தங்குமிடம். சத்திரமோ போகவேண்டிய ஊர் ஒன்று இருப்பவர் இரவு தங்கும் இடம். கடந்த முப்பது ஆண்டுகளில் மெல்ல மேலெழுந்திருக்கும் நான்காம் நிலைப்பாடு, பூங்காவை இந்த இரண்டாம் பொருளில் பார்க்கிறது. காட்டில் நடக்கும் வேலையும் அடைப்பில் நடக்கும் வேலையும் ஒரே திட்டத்தின் இரு கைகளாக இருக்க வேண்டும் என்பது இதன் சாரம். சர்வதேச இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் 2014இல் வெளியிட்ட வழிகாட்டுதல் இதையே ஐந்து படிகளாக வகுத்தது. இனத்தின் நிலையை ஆராய்தல், அடைப்பில் வைப்பதன் பங்கு என்ன என்று வரையறுத்தல், அதற்கு எத்தனை உயிர்கள் எவ்வளவு காலம் வேண்டும் என்று முடிவு செய்தல், ஆபத்தையும் சாத்தியத்தையும் எடைபோடுதல், இறுதியில் வெளிப்படையாக முடிவெடுத்தல் என்பன அவை.

இதன் ஆரம்ப எடுத்துக்காட்டு மொரிஷியஸ். 1974இல் அத்தீவின் வல்லூறு நான்கு மட்டுமே எஞ்சியிருப்பதாக அறியப்பட்டது. 1979இல் வந்த கார்ல் ஜோன்ஸ், பறவைகளின் இயல்பையே பயன்படுத்தினார். கூட்டிலிருந்து முதல் ஈட்டு முட்டைகளை எடுத்துவிட்டால் தாய் மறுபடி முட்டையிடும். எடுத்த முட்டைகளை அடைகாப்புப் பெட்டியில் பொரித்து வளர்த்து, குஞ்சுகளைக் காட்டிலேயே விட்டார், கூட்டுப்பெட்டிகள் வைத்தார், கீரிகளைக் கட்டுப்படுத்தினார். இளஞ்சிவப்புப் புறாவும் 1990 வாக்கில் காட்டில் ஏறக்குறைய 10 என்ற எண்ணிக்கைக்கு இறங்கியது. இன்று சில நூறுகளாக உள்ளது. ஜெர்சி இதற்கு அளித்தது கூண்டுகளை மட்டுமன்று, பயிற்சியையும்தான். 1970களின் இறுதியில் அங்கே வந்த முதல் பயிற்சியாளர் மொரிஷியஸ் நாட்டவர். நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து அதன் பிறகு பலர் வந்து கற்றுச் சென்றிருக்கிறார்கள். அந்தச் சிறு பூங்காவின் மிகப் பெரிய பங்களிப்பு, அடைப்பில் பிறந்த விலங்குகளைவிட இந்த மனிதர்களாக இருக்கலாம்.

அசாமின் குள்ளக் காட்டுப்பன்றி இன்னும் கிட்டத்தில் உள்ள சான்று. உயரம் 25 சென்டிமீட்டர். எடை பத்துக் கிலோவைத் தொடுவதே அரிது. அழிந்தே போனது என்று கருதப்பட்டு, 1971இல் மீண்டும் கண்டறியப்பட்டது. 1970களில் சூரிச் பூங்காவுக்குக் கொண்டுசெல்லப்பட்டவை நிலைக்கவில்லை. 1995இல் டரல் அறக்கட்டளையும் அசாம் வனத்துறையும் பிறரும் சேர்ந்து தொடங்கிய திட்டம் வேறு வழியில் சென்றது. 1996இல் மானஸ் புல்வெளியில் பிடித்த ஆறு பன்றிகளைக் கடல் தாண்டி அனுப்பாமல், குவாஹாட்டி அருகே பசிஷ்டாவிலேயே வைத்துப் பெருக்கினார்கள். விடுவிக்கும் முன் உயரப்புல் வளர்ந்த அடைப்புகளில், மனிதர் கண்ணில் படாமல், தானே இரைதேடவும் புல்லால் கூடு கட்டவும் பழக்கினார்கள். 2008 முதல் சோனாய் ரூபாய், ஒராங், பர்னாடி, மானஸ் ஆகிய இடங்களில் நூற்றுக்கும் மேற்பட்டவை விடப்பட்டன. கூடவே, வறண்ட காலத்தில் புல்வெளிக்குத் தீவைக்கும் பழக்கத்தை ஒழுங்குபடுத்தும் வேலையும் நடந்தது. இந்தப் பன்றியின் உடலில் மட்டுமே வாழும் ஒரு பேன் இனமும் உண்டு. பன்றி பிழைத்தால்தான் அதுவும் பிழைக்கும்.

இந்த நிலைப்பாட்டுக்கும் குறைகள் உண்டு. சத்திரத்தில் தங்கியவர் எப்போது கிளம்புவார் என்பதற்கு எவரிடமும் உறுதியான பதில் இல்லை. மொரிஷியஸ் வல்லூறு 1994இல் ஆபத்து குறைந்த நிலைக்கு உயர்ந்து, 2014இல் மீண்டும் அழிநிலைக்கு இறங்கியது. இளஞ்சிவப்புப் புறாவின் மரபணுக்களை ஆராய்ந்த 2022ஆம் ஆண்டு ஆய்வு, உறவுக்கலப்பின் விளைவாக அது அடுத்த 50 முதல் 100 ஆண்டுகளுக்குள் அழியக்கூடும் என்று எச்சரித்தது. பூங்காக்களில் இருக்கும் பறவைகளின் மரபுவளத்தைக் காட்டுக்குள் சேர்ப்பதையே தீர்வாகவும் முன்வைத்தது. பேழைவாதம் முற்றிலும் தவறு என்று சொல்லவிடாமல் தடுப்பது இது போன்ற சான்றுகள்தாம்.

இந்திய அனுபவம் காட்டுவது

ரோமுலஸ் விட்டேக்கரும் ஜாய் விட்டேக்கரும் 1976இல் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் நிறுவிய முதலைப் பண்ணை, ஒரே உயிரினக் குழுவுக்கென்று உருவான சிறிய காப்பகம். சதுப்புநில முதலை அங்கே எதிர்பார்ப்பை மிஞ்சிப் பெருகியது. விடுவிக்க ஆறும் ஏரியும் கிடைக்காதபோது எண்ணிக்கை ஆயிரக்கணக்கில் ஏறியது. முட்டைகளைப் பொரிக்கவிடாமல் கட்டுப்படுத்த வேண்டியதாயிற்று. இனம்பெருக்குவதில் உள்ள வெற்றியும் பாதுகாப்பில் உள்ள வெற்றியும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

நெடுமூக்கு முதலையான கரியாலின் அனுபவம் இன்னும் கடுமையானது. 1975இல் தொடங்கிய அரசுத் திட்டம் ஆற்றங்கரை முட்டைகளைச் சேகரித்துப் பொரித்து, ஆயிரக்கணக்கான இளம் முதலைகளை ஆறுகளில் விட்டது. வெற்றி என்று அறிவித்துக் கண்காணிப்பு தளர்ந்தது. 2007இல் அது மிக அபாயகரமான அழிநிலைப் பட்டியலில் சேர்ந்தபோது, இனம்பெருக்கும் வயதுடையவை 200க்கும் குறைவு என்று மதிப்பிடப்பட்டது. அந்தக் குளிர்காலத்திலேயே சம்பல் ஆற்றில் நூற்றுக்கும் மேற்பட்டவை இறந்து மிதந்தன. மணலள்ளல், மீன்வலை, அணை ஆகிய மூலகாரணங்கள் அப்படியே இருந்தன.

பாறு கழுகுகளின் திட்டம் இந்தப் பாடத்தை ஓரளவு உள்வாங்கியது. ஹரியானாவின் பிஞ்சோர் மையத்தில் கழுகுகள் பெருக்கப்பட்டுக்கொண்டிருந்த அதே காலத்தில், அவற்றின் அழிவுக்குக் காரணமான, கால்நடைகளுக்குத் தரும் டைக்ளோஃபெனாக் மருந்து 2006இல் தடைசெய்யப்பட்டது. பெருங்குப்பிகளில் அதை விற்பதற்கு 2015இல் வந்த தடையைச் சென்னை உயர் நீதிமன்றம் உறுதிசெய்தது. மூலகாரணம் கையாளப்பட்டு, கண்காணிப்பு வலுப்பட்ட பின்னரே விடுவிப்பு மெல்லத் தொடங்கியது. அதிகம் பேசப்படாத ஒரு முயற்சியும் உண்டு. ஹைதராபாத் நேரு பூங்காவில் பெருக்கப்பட்ட சருகுமான்கள், 2017 முதல் அம்ராபாத் காட்டில் விடப்பட்டன. முயலளவே உள்ள இந்த மானை அடையாளம் காண்போர் குறைவு. புலிகள் காப்பகமாக ஏற்கெனவே காவல் பெற்ற காடு அதற்குக் கிடைத்தது அதன் நல்வாய்ப்பு.

செலவை யார் ஏற்பது?

மக்கள் அறியாத விலங்கைப் பார்க்க யார் நுழைவுச்சீட்டு வாங்குவார்கள்? 1998இல் சூரிச் பூங்காவின் தரவுகளைக் கொண்டு, பெரிய விலங்குகளையே பார்வையாளர்கள் விரும்புகிறார்கள் என்று ஓர் ஆய்வு வாதிட்டது. அந்தக் கணக்கிடும் முறை சரியல்ல என்று 2000இல் பாம்ஃபோர்டு மறுத்தார். விவாதம் முடியவில்லை. ஆனால் ஜெர்சியே கொரில்லா, ஒராங்குட்டான் ஆகியவற்றை வைத்திருக்கிறது. 1986இல் ஐந்து வயதுச் சிறுவன் ஒருவன் அங்குள்ள கொரில்லா அடைப்புக்குள் விழுந்தான். ஜாம்போ என்ற ஆண் கொரில்லா அவனுக்குத் தீங்கு செய்யாமல் அருகே காவல் நின்றது உலகச் செய்தியானது. ஜெர்சியின் பெயர் அறியாத பலர் அந்த நாளில்தான் அதை அறிந்தார்கள். நத்தையையும் தேரையையும் காக்கும் பூங்காவுக்கும் கொரில்லாவின் துணை வேண்டியிருந்தது.

இதில் இரு கருத்துகள் உண்டு. புகழ்பெற்ற விலங்கு ஈட்டும் பணம் மற்றவற்றுக்குப் போகிறது என்பது ஒன்று. புகழ்பெற்ற விலங்குக்கே இடமும் பணமும் கரைகின்றன என்பது இன்னொன்று. 1995இல் பாம்ஃபோர்டும் சகாக்களும் செய்த ஒப்பீடு, பெரிய பாலூட்டிகளைக் காட்டிலேயே காப்பது பொதுவாக மலிவு என்று காட்டியது. சிறிய உயிரினங்களுக்கு அதே முடிவு பொருந்துமா என்பதற்கு அளவான தரவுகள் இல்லை. விற்பனையும் நன்கொடையும் குறையும் ஆண்டில் முதலில் வெட்டப்படுவது எந்த விலங்கின் செலவு என்பது, ஒரு பூங்காவின் கொள்கையை அதன் அறிக்கைகளைவிட நன்றாகக் காட்டும்.

மதிப்பீடும் எஞ்சும் கேள்விகளும்

இந்த நான்கு நிலைப்பாடுகளையும் ஒருசேரப் பார்க்கும்போது சில முடிவுகள் ஓரளவு உறுதியாகத் தெரிகின்றன. எத்தனை இனங்களை வைத்திருக்கிறோம் என்பது சிறிய பூங்காவின் பயனை அளக்கும் சரியான அளவுகோல் அன்று. தான் காக்கும் உயிர் எந்த ஊரிலிருந்து வந்ததோ அந்த ஊரோடு அது எவ்வளவு நெருக்கமாகப் பிணைந்திருக்கிறது என்பதே முக்கியம். அழிவின் காரணம் தெரிந்து, அதை நீக்கும் வேலையும் நடக்கும் இடத்தில் அடைப்பு உதவுகிறது. காரணம் அப்படியே இருக்கும் இடத்தில் அது அழிவைத் தள்ளிப்போடுகிறது. தள்ளிப்போடுவதுகூடச் சில வேளைகளில் மதிப்புள்ளதுதான். முடிந்தவரை தாயகத்திலேயே, தனிமைப்படுத்திய சூழலில் வைப்பதற்கு அசாம் நல்ல சான்று. ஆனால் 2020இல் ஆப்பிரிக்கப் பன்றிக்காய்ச்சல் அசாமை எட்டியது, ஒரே பகுதியில் எல்லாவற்றையும் வைப்பதில் உள்ள ஆபத்தையும் நினைவூட்டியது. தொலைவும் அருகாமையும் இரண்டுமே விலை கேட்கின்றன.

திறந்தே இருக்கும் கேள்விகளும் பல. அடைப்பில் கழியும் ஒவ்வொரு தலைமுறையும் விலங்கின் இயல்பை எவ்வளவு மாற்றுகிறது என்பது மீன்களில் ஓரளவு அளக்கப்பட்டுள்ளது. தேரை, நத்தை, சிறு பாலூட்டிகளில் அறிவு இன்னும் மிகக் குறைவு. காட்டில் இடமே இல்லாதபோது ஓர் இனத்தைத் தொட்டிக்குள் எவ்வளவு காலம் வைத்திருக்கலாம், எப்போது நிறுத்தலாம், அதை முடிவெடுப்பது யார் என்பதற்கு ஒப்புக்கொண்ட நெறி இல்லை. தனி உயிரின் துன்பம் குறித்து ஜேமிசன் எழுப்பிய கேள்வி இன்னும் நிலுவையில் உள்ளது. ஓர் இனத்தைக் காக்கும் முடிவை அதன் தாயக மக்கள் எடுப்பதா, தொலைநாட்டு அறக்கட்டளை எடுப்பதா என்பதும் தீரவில்லை. மொரிஷியஸும் அசாமும் இணைந்து செயல்படும் வழியைக் காட்டின. எல்லா இடத்திலும் அது நடக்கவில்லை.

இவற்றுக்கு நடுவே ஒன்றை மட்டும் அழுத்தமாகச் சொல்லலாம். சருகுமானையோ குள்ளப்பன்றியையோ காக்க வேண்டும் என்று யாரும் ஊர்வலம் போகப் போவதில்லை. அந்தக் கவனிப்பின்மையில்தான் இவை சத்தமின்றி மறைகின்றன. அவற்றுக்கென்று நிற்க முன்வரும் சிறிய பூங்கா, தன் எல்லையை அறிந்து, தன் நோய்த்தடுப்பைக் கறாராக வைத்து, விலங்கு திரும்பிச் செல்லவேண்டிய காட்டிலும் தன் பணத்தில் ஒரு பங்கைச் செலவிட்டால், அதன் இருப்புக்கு நியாயம் உண்டு. அந்த மூன்றையும் செய்ய முடியாத பூங்கா, எவ்வளவு அரிய விலங்கை வைத்திருந்தாலும், காட்சிசாலையாகவே எஞ்சும். இந்த அளவுகோலில் எத்தனை பூங்காக்கள் தேறும் என்பதை அடுத்த சில பத்தாண்டுகளின் சான்றுகளே சொல்லும்.